மூன்று பத்துக்கு நின்றுபோகும் வகுப்பு

என் பெரியம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் யாராவது உட்கார்ந்து பேசினால் அவருடைய விரல்கள் தொடைமேல் அசையும். தெரியாதவர்கள் ஏதோ படபடப்பு என்று நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை. கேட்பதை அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். பேருந்தில் முன்இருக்கையில் சண்டை மூண்டால், இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் இரண்டு தரப்பையும் மடியிலேயே அடித்து முடித்திருப்பார்.

இருபத்து மூன்று வருடம் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். வக்கீல் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே பேசுவார். அவர் வாய் மூடும்போது பெரியம்மாவின் விரலும் நின்றிருக்கும். அங்கே அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். வக்கீலுக்கு வயதாகி அலுவலகத்தைப் பூட்டியபோது பெரியம்மாவுக்கு ஐம்பத்தொன்று. அதன்பிறகு எட்டு மாதம் வீட்டிலேயே இருந்தார். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டு அலமாரிகள் பளபளவென்று இருந்தன, ஆனால் பெரியம்மாவோடு யாராலும் பேச முடியவில்லை. “அந்த டப்பாவ எடுத்த எடத்துல வைக்கிறதுக்கு என்ன கேடு?” என்பதுதான் அவர் அதிகம் பேசிய வாக்கியம்.

எங்கள் வீடு மாடி வீடு. கீழே பெரியம்மாவும் பெரியப்பாவும். மேலே அம்மா, அப்பா, நான். என் அம்மா பெரியம்மாவின் தங்கை. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. அதன் பெட்டி கீழ்வீட்டில் இருக்கிறது. நான் பள்ளியை முடித்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் இது நடந்தது.

பெரியம்மாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே உள்ள ஒரு தொழிற்கல்லூரியில் கட்டடம் கட்டும் படிப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. ஆசிரியர் பேசுவதை யாராவது உடனுக்குடன் எழுத்தில் கொடுத்தால் அவள் வகுப்பைத் தொடர முடியும். ஆசிரியரின் சட்டைக் காலரில் சின்ன மைக் மாட்டியிருக்கும். அவர் குரல் இணையம் வழியாகப் பெரியம்மாவின் ஹெட்ஃபோனுக்கு வரும். பெரியம்மா கேட்டுக் கேட்டு அடிப்பார். அடித்தது அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் ஓடும். திங்கள் முதல் வெள்ளி வரை, இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. அந்தப் பெண்ணின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. முதல் பெஞ்சில் உட்காருவதால் ‘முதல் பெஞ்சு’ என்றுதான் சொல்வோம்.

பெரியம்மா வெறும் பாடத்தை மட்டும் அடிக்க மாட்டார். வகுப்பில் யாராவது கேள்வி கேட்டால், “பின்வரிசைப் பையன் கேட்கிறான்” என்று போடுவார். சிரிப்புச் சத்தம் கேட்டால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றும் போடுவார். முதல் வாரம் முடிந்தபோது முதல் பெஞ்சு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பெரியம்மா அதை எல்லோருக்கும் காட்டினார். “இவ்வளவு நாளும் எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ‘என்ன, என்ன’ன்னு கேட்பேன். இந்த வாரம் நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரிச்சேன்.”

அன்றிலிருந்து டப்பா எங்கே கிடந்தாலும் பெரியம்மா கண்டுகொள்வதில்லை.

பின்பக்க அறை அவருடைய அலுவலகமானது. கதவில், ‘வகுப்பு நடக்கிறது’ என்று அட்டை தொங்கும். அந்த இரண்டு மணி நேரமும் கீழ்வீட்டில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். குக்கர் அடுப்பில் ஏறாது. பெரியப்பா தும்மல் வந்தால்கூட வாசலுக்கு ஓடிவிடுவார்.

ஆனால் இணைப்பு ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. ஆசிரியர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இழுத்து இழுத்து வரும். இணைய நிறுவனத்துக்குச் சொல்லி ஒரு சர்வீஸ்காரர் வந்தார். வந்தவர் பெட்டி எங்கே என்று கேட்டார். பெரியம்மா முன்னறையில் இருந்த இரும்பு பீரோவைக் காட்டினார். பெட்டி பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

“ஏம்மா, அலை வரணும்னு ஆசைப்படுறீங்க. இரும்பை முன்னாடி நிறுத்தினா எப்படிம்மா வரும்?”

“தூசி படக்கூடாதுன்னு வச்சேன்.”

“தூசி படலை. அலையும் படலை.”

பெட்டியை எடுத்து டிவிக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார். உடனே பின்னறையில் குரல் கணீரென்று கேட்டது. போகும்போது பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்து, “நாள் பூரா ஓடுதுல்ல, கொஞ்சம் சூடாகும். பார்த்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். அப்போது பெரியப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அதை யாரும் மனதில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை புதுக் கோளாறு ஆரம்பித்தது. குரல் தெளிவாக வந்துகொண்டே இருக்கும். மூன்று பத்துக்குச் சட்டென்று மொத்தமாக நின்றுவிடும். கணினியில் வைஃபையின் பெயரே காணாமல் போகும். ஆறு நிமிடம் கழித்துத் தானாகவே வந்துவிடும். செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. பின்னறையில் கைபேசிக்குச் சிக்னல் ஒரு கோடுதான். அதில் செய்தி அனுப்பலாம், குரல் கேட்க முடியாது. அந்த ஆறு நிமிடமும் பெரியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ‘திரும்ப இணை’ என்பதை அழுத்திக்கொண்டே இருப்பார். முதல் பெஞ்சுக்குக் கைபேசியில், “நின்றுவிட்டது, மன்னிக்கவும், வந்துவிடும்” என்று அனுப்புவார்.

முதல் சந்தேகம் என்மேல்தான் வந்தது.

“மேல உட்கார்ந்துகிட்டுப் படமா பாக்குற? உண்மையைச் சொல்லுடி.”

“பெரியம்மா, எனக்கும்தான் அதே நேரத்துக்கு நிக்குது.”

“நீ பாக்குறதாலதான் நிக்குது. உனக்கு மட்டும் நிக்காம இருக்குமா?”

அம்மா தன் பங்குக்கு, “படிச்சு முடிச்சாச்சு, இனிமே என்ன பண்ணப் போறேன்னு கேட்டா பதில் இல்ல. வீட்டு நெட்டைத் தின்னு தீர்க்கறதுதான் பதில்” என்றாள். வியாழனும் வெள்ளியும் என் கைபேசி இரண்டிலிருந்து நான்கு வரை பெரியம்மாவின் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. அப்போதும் மூன்று பத்துக்கு நின்றது. அதற்காக யாரும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. இழுப்பறையில் இருந்தாலும் கைபேசி வேலை செய்யும் என்று அம்மா சொன்னாள்.

பெரியப்பாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவர் பிளாஸ்டிக் பாட்டில் செய்யும் ஆலையில் கம்ப்ரசர் அறையைப் பார்த்துக்கொள்கிறார். பாட்டில் காற்றை ஊதித்தான் உருவாக்கப்படுகிறது. அந்தக் காற்றைக் கொடுக்கிற பெரிய இயந்திரங்கள் அவர் பொறுப்பு. முப்பது வருடமாக அதே வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அடுத்த வாரம் இரவு. சமையலறைக் கதவில் தொங்கும் காலண்டரில் ஒவ்வொரு வாரத்தின்மேலும் ‘கா’, ‘ம’, ‘இ’ என்று சிவப்புப் பேனாவில் எழுதிவைத்திருப்பார். அதிகம் பேச மாட்டார். பேசினால் நக்கல்தான். இணையம் நின்ற முதல் நாள் சாயங்காலம், “எக்ஸ்பிரஸ் இன்னிக்கு அவுட்டர்ல நின்னுடுச்சாமே?” என்று கேட்டார்.

“சிரிங்க சிரிங்க. அங்க ஒரு பொண்ணு ஆறு நிமிஷம் ஆசிரியர் வாயைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா.”

பெரியப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். “மெஷினைச் சரியா பராமரிக்கணும். இல்லேன்னா இப்படித்தான்” என்றார் கவலையாக.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெரியம்மா இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தார். ஒரு பெண் பேசினாள்.

“மேடம், நிக்கும்போது வைஃபை பெயர் தெரியுதா, தெரியலையா?”

“பெயரே தெரியலை.”

“அப்போ நெட் பிரச்சினை இல்ல மேடம். பெட்டிக்குக் கரண்டே போகலை.”

“வீட்டுல கரண்ட் இருக்கேம்மா. எனக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“ஃபேனுக்குப் போகுது மேடம், பெட்டிக்குப் போகலை. அடாப்டர் போயிருக்கும். சூடானா நிக்கும், ஆறினா ஓடும். மாத்திப் பாருங்க.”

அந்தப் பெண் சொன்னதில் பாதி மிகச் சரி. ஆனால் அது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா புது அடாப்டர் வாங்கிவந்து மாட்டினார். அடுத்த வாரம் முழுதும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதற்கடுத்த வாரமும் நிற்கவில்லை. பெரியம்மா பழைய அடாப்டரைக் கையில் எடுத்து, “பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருந்துக்கிட்டு எவ்வளவு வேலை பண்ணியிருக்கு பாரு” என்று திட்டிக் குப்பையில் போட்டார்.

எனக்கு மட்டும் ஒரு சின்ன விஷயம் இடித்தது. அந்த இரண்டு வாரத்திலும் மாடியில் இணையம் நின்றது. ஒரு வாரம் பதினொரு மணி வாக்கில், இன்னொரு வாரம் சாயங்காலம் நாலரைக்கு. அம்மாவிடம் சொன்னேன். “அப்பவாவது ஒரு புத்தகத்தைத் தொடுவேன்னு அதுவே யோசிச்சு நிக்குது போல” என்றாள். வழக்கில் மாட்டியவள் சொல்லும் சாட்சிக்கு யாரும் காது கொடுப்பதில்லை.

நான்காவது வாரம், திங்கட்கிழமை, மூன்று பத்து. புது அடாப்டரோடு நின்றது.

செவ்வாயும் நின்றது. அன்று கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. மாணவர்களுக்கான உதவிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். வியாழக்கிழமை தேர்வுக்கு முந்தைய கடைசி மீள்பார்வை வகுப்பு, அதில் ஆசிரியர் முழுப் பாடத்தையும் திரும்பச் சொல்வார், அந்த வகுப்பிலும் தடை ஏற்பட்டால் வெள்ளிக்கிழமையிலிருந்து எழுத்துப் பணியைக் கணினி மென்பொருளிடம் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று இருந்தது.

பெரியம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். “மென்பொருள் தப்பில்லாம அடிச்சுடும்னு வச்சுக்குவோம். யாரு எதுக்குச் சிரிச்சாங்கன்னு அது போடுமாடி?” என்று என்னைக் கேட்டார். போடாது என்றேன். அவர் விரல் தொடைமேல் அசைந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தையை அடித்துக்கொண்டிருந்தார் போல.

அன்று சாயங்காலம் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. வக்கீல் அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடம் இருந்தவர் செய்வதைச் செய்தார். சாட்சியங்களைத் திரட்டினார். அவர் அடித்த ஒவ்வொரு வகுப்பும் கணினியில் சேமிப்பில் இருந்தது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் நேரம் இருந்தது. நான்கு வாரத்து வகுப்புகளையும் திறந்து, நின்றுபோன நாட்களையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதினார். ஏழு நாள் நின்றிருந்தது. ஏழு நாளும் மூன்று மணி எட்டு நிமிடத்திலிருந்து பன்னிரண்டுக்குள். தாளை எடுத்துக்கொண்டு தேதி பார்க்கச் சமையலறைக் காலண்டருக்குப் போனார்.

நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா காலண்டர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். முதல் வாரம் ஐந்து நாள் நின்றது, மேலே சிவப்பில் ‘கா’. இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை, ‘ம’. மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை, ‘இ’. இந்த வாரம் இதுவரை இரண்டு நாள், மறுபடி ‘கா’.

“உனக்கு மேல பதினொண்ணுக்கு நின்னுச்சுன்னு சொன்னியே, அது எந்த வாரம்?”

சொன்னேன். அது ‘ம’ வாரம். சாயங்காலம் நாலரைக்கு நின்றது ‘இ’ வாரம். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிற பெரியப்பா நான்கு மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

பெரியம்மா தாளை நான்காக மடித்தார். “யார்கிட்டயும் மூச்சு விடாத” என்றார்.

புதன்கிழமை வகுப்பு ஆரம்பித்தபோது பின்னறைக் கதவு முழுதாக மூடப்படவில்லை. ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அந்த இடைவெளி வழியாகப் பெரியம்மாவின் நாற்காலியிலிருந்து வாசல் முதல் முன்னறைப் பலகை வரை எல்லாம் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியம்மா பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார்.

இரண்டு நாற்பதுக்குப் பெரியப்பா வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். குழாயை நூல்போலத் திறந்து கை கால் கழுவினார். தட்டில் கரண்டி படாமல் சாப்பாடு போட்டுக்கொண்டார். சாப்பிட்டுத் தட்டைச் சத்தமில்லாமல் வைத்தார். பூனை மாதிரி முன்னறைக்கு வந்தார். பலகைக்கு முன்னால் நின்று, காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். தலையை ஆட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுவிட்சை அணைத்தார்.

பெரியம்மாவின் காதில் ஆசிரியர் ஒரு சொல்லின் பாதியில் காணாமல் போனார்.

பெரியம்மா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்து போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“என்னங்க பண்றீங்க?”

பெரியப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். விரலை உதட்டில் வைத்தார். “ஷ்ஷ்! மெதுவா பேசு. கிளாஸ் நடக்குது.”

“அந்தக் கிளாஸைத்தான் நீங்க இப்போ அணைச்சீங்க.”

“கிளாஸை எங்க அணைச்சேன்? பெட்டிக்கு நாலு நிமிஷம் ரெஸ்ட் விடுறேன். சூடாகுது, பார்த்துக்கங்கன்னு அன்னிக்கு சர்வீஸ்காரரு சொன்னாருல்ல? நீங்க யாரும் பாக்கலை. நான் பாத்துக்கறேன்.”

பெரியம்மா கையை நீட்டி சுவிட்சைப் போட்டார். பெட்டி கண் விழித்து ஒவ்வொரு விளக்காகக் காட்ட ஆரம்பித்தது. அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நான்கும் இரண்டும் ஆறு.

“பெட்டி நின்னா நெட் நிக்கும்னு தெரியாதா உங்களுக்கு?”

“உடனே எப்படி நிக்கும்?” பெரியப்பா உண்மையாகவே குழம்பினார். “எங்க ரூம்ல கம்ப்ரசரை நிறுத்துறோம். லைன்ல காத்து நின்னுடுதா? டேங்க்ல இருக்கும்ல. அஞ்சு நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள மெஷின் ஆறிடும், திரும்பப் போட்டுடுவோம். உள்ள பாட்டில் அடிக்கிறவனுக்கு நிறுத்தினதே தெரியாது.”

“இதுல டேங்க் இல்லீங்க!”

“ஏன் இல்ல? நான் சோதிக்காமயா செய்வேன்? ஃபோன்ல ஒரு படத்தை ஓட விட்டுட்டு, பெட்டியை நிறுத்திப் பார்த்தேன். படம் பாட்டுக்கு ஓடிச்சு. மூணு நிமிஷத்துக்கு மேல ஓடிச்சு.”

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் அப்போதுதான் உள்ளே வந்தேன். படம் என்றால் கைபேசி கொஞ்சத்தை முன்கூட்டியே இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அது ஒருவிதத்தில் பெரியப்பா சொல்லும் டேங்க்தான் என்றேன். ஆனால் ஆசிரியர் இன்னும் பேசாத பேச்சை யாராலும் சேர்த்து வைக்க முடியாதே. பெரியப்பா பெட்டியைப் பார்த்தார். இயந்திரத்தோடு இருப்பவர், அதனால் ஒரு தடவை சொன்னதும் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போனது.

“அப்போ அந்தப் பொண்ணு…” என்றார்.

“ஏழு நாள். இன்னிக்கோட எட்டு.”

பெரியப்பா கையில் இருந்த நோட்டை மெல்ல நீட்டினார். கம்ப்ரசர் அறையில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. அதே பழக்கத்தில் இங்கேயும் எழுதியிருந்தார். ‘பெட்டி. நிறுத்தம் 3.10. ஓட்டம் 3.14. சூடு குறைந்தது.’ நாள்தோறும், தேதியோடு, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல். பெரியம்மா தன் தாளைப் பிரித்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். ஏழு நாளும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின. ஒரே கோளாறுக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர் நான்கு வாரமாக ஆவணம் எழுதியிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல்.

“கேட்டிருந்தா காட்டியிருப்பேனே” என்றார் பெரியப்பா.

“சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? நீ தினமும் குழாயை மூடிட்டு வந்து ‘குழாயை மூடிட்டேன்’னு என்கிட்ட சொல்றியா?”

பெட்டியில் கடைசி விளக்கும் பச்சையானது. பெரியம்மா பின்னறைக்கு ஓடினார்.

அன்று சாயங்காலம் கல்லூரி அலுவலருக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். காரணம் கண்டுபிடிக்கப்பட்டது என்று அடித்தார். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. என்ன காரணம் என்று எழுத வேண்டும். பெரியப்பா கதவோரத்தில் நின்று, “என் பேரையே போடு. தப்பு என்னுதுதான்” என்றார். பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ‘தினமும் ஒரு முறை பெட்டிக்கு மின்சாரம் தடைபட்டு வந்தது. சரிசெய்யப்பட்டது’ என்று அடித்து அனுப்பினார். பொய் ஒரு எழுத்துகூட இல்லை. வக்கீலிடம் வேலை பார்த்தவர்.

“சரிசெய்யப்பட்டதுன்னு போட்டுட்டேன்” என்றார் பிறகு, பெரியப்பாவைப் பார்த்து. “நாளைக்கு என்னைப் பொய்யாக்கிடாதீங்க.”

வியாழக்கிழமை ஒன்றே முக்காலுக்கே பெரியம்மா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். இரண்டு மணிக்கு ஆசிரியர் அடித்தளத்தில் ஆரம்பித்து வேகமாகப் போனார். மீள்பார்வை என்பதால் மூச்சு விடாமல் பேசினார். கதவு இடைவெளி வழியாக விசைப்பலகையின் சத்தம் மழைபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாற்பதுக்குப் பெரியப்பா வந்தார். சட்டைப் பை உப்பியிருந்தது. சாப்பிடக்கூடப் போகவில்லை. பெட்டியின்மேல் கையை வைத்தார். “கொதிக்குதுடி” என்று என் காதில் கிசுகிசுத்தார்.

“அது அப்படித்தான் பெரியப்பா இருக்கும். இன்னிக்குக் காலையில பெரியம்மா உதவி எண்ணுல கேட்டுட்டாங்க. கை பொறுக்கற சூடுன்னா ஒண்ணும் ஆகாதாம்.”

“அவங்களுக்கு என்ன, ஃபோன்ல சொல்லிடுவாங்க. கை வச்சா பாக்குறாங்க?”

பையிலிருந்து நான்கு பாட்டில் மூடிகளை எடுத்தார். அவர்கள் ஆலையில் செய்யும் நீல மூடிகள். பெட்டியின் ஒயர் அசையாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நான்கு மூலைக்கும் ஒவ்வொரு மூடியாக நுழைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விளக்குகள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. பெட்டி விரற்கடை உயரத்தில் நின்றது.

“கீழ காத்து போகணும். இதை முதல்லயே செஞ்சிருக்கணும்” என்றார்.

மூன்று எட்டு. மூன்று ஒன்பது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம் அவர் தோளிலிருந்து விரல் வரை இறங்குவதை என்னால் பார்க்க முடிந்தது. கை கொஞ்சம் எழுந்தது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டார். அப்படியே நான்கு நிமிடமும் நின்றார்.

உள்ளே மூன்று பத்து ஆனபோது பெரியம்மாவின் விரல் ஒரு நொடி தயங்கியதாம். அடிக்கும்போது ஒருநாளும் அப்படி நேர்ந்ததில்லை என்பார். நிற்கப்போகிறது என்று உடம்பே எதிர்பார்த்துவிட்டது. நிற்கவில்லை. ஆசிரியர் கான்கிரீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“கான்கிரீட் போட்டதுக்கப்புறம் குறைஞ்சது ஏழு நாள் ஈரமா வச்சிருக்கணும். இதைக் கண்டிப்பா கேட்பாங்க. போன வருஷம் ஒருத்தன் விடைத்தாள்ல எழுதியிருந்தான். ‘ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும், மேஸ்திரி பார்க்கும்போது மட்டும்.’”

வகுப்பு சிரித்தது. பெரியம்மா கடைசிச் சொல்லை அடித்து முற்றுப்புள்ளி வைத்தார். ‘வகுப்பு சிரிக்கிறது’ என்று போட விரலைக் கொண்டுபோனார். அதற்குள் ஹெட்ஃபோனில் இன்னொரு சிரிப்பு கேட்டது. மற்றவர்களுடையது அடங்குவதற்குள், மைக்குக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் உரக்க. முதல் பெஞ்சிலிருந்து.

அந்தக் குரலை அதற்கு முன் பெரியம்மா கேட்டதில்லை. அதற்கு என்ன போடுவது என்று தெரியாமல் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டார்.

நான்கு மணிக்கு வகுப்பு முடிந்தது. பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது பெரியப்பா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“நின்னுச்சா?”

“நிக்கலை.”

“இப்போ நாலு நிமிஷம் விடலாமா?”

பெரியம்மா பெட்டிக்குக் கீழே இருந்த நீல மூடிகளைக் குனிந்து பார்த்தார். “விடுங்க. நீங்களும் போய் முதல்ல சாப்பிடுங்க” என்றார். பெரியப்பா சுவிட்சை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

அப்போது பெரியம்மாவின் கைபேசியில் முதல் பெஞ்சிடமிருந்து செய்தி வந்தது. முன்னறையில் நின்றபடியே அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

“அம்மா, இன்னிக்கு நிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமையும் நீங்கதான்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஒரே ஒரு கஷ்டம். நிக்கிற நாள்ல எல்லாம் அந்த ஆறு நிமிஷத்துலதான் தண்ணி குடிப்பேன். இன்னிக்கு ரெண்டு மணி நேரமும் தாகத்தோட உட்கார்ந்திருந்தேன்.”

பெரியப்பா எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார். “பாத்தியா? ரெஸ்ட் எல்லாருக்கும்தான் வேணும்” என்றார்.

அதற்குப் பெரியம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் சொல்லும்போது அவர் விரல்கள் தொடைமேல் அசையவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார்.